விமானத்துக்குள் மிக்சி ஓடுகிறது

ஜூன் 29, ஞாயிறு

இன்றைக்கு இன்னொரு விமானம் போயிற்று. குறை சொல்வதென்றால் காற்றைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் எல்லாரும் என்னைச் சொல்கிறார்கள். வள்ளியூரில் ஆனி மாதக் காற்று கல்யாணப் பந்தலையே தூக்கிக்கொண்டு போகிறது, ஒரு கிலோகூட இல்லாத தெர்மாகோல் என்ன செய்யும்? வற்றிக் கிடக்கிற பெரிய குளத்துக்குள் நின்றுதான் ஏற்றினேன். நன்றாகவே ஏறியது. ரிமோட்டில் இடது என்றால் இடது, வலது என்றால் வலது. பிறகு அதற்கே ஒரு யோசனை தோன்றி, கிழக்கே உடைமுள் அடர்ந்த உடங்காட்டைப் பார்த்துப் போக ஆரம்பித்தது. பின்னாலேயே போனேன். கிடைக்கவில்லை.

காலில் லேசாக ஒரு கீறல். ஆஸ்பத்திரியில் ஆறு தையல் போட்டார்கள். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் தையல்தான்.

காட்டுக்குள் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு ஒன்று இருந்தது. அதைப் பற்றி இங்கே விரிவாக எழுத வேண்டிய அவசியமில்லை. ஞானதுரை பின்னால் இருந்து பிடித்து இழுத்ததில் என் புதுச்சட்டையின் காலர் கிழிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான் இந்த ஞானதுரை. இந்த ஊரில் என்னோடு சேர்ந்து விமானம் விடுகிற ஒரே ஆள். நல்லவன், ஆனால் வாயில் ஒன்றும் நிற்காது. நான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கிணற்று விஷயம் உலகம்மை காதுக்குப் போய்விட்டது.

உலகம்மை என் மனைவி. என் தாய்மாமன் மகளும்கூட. ஆகவே என்னைத் திட்டுவதற்கு அவளுக்கு இரட்டை உரிமை.

"வானத்தப் பாத்துக்கிட்டே ஓடுதீயளே அத்தான், கீழ பூமின்னு ஒண்ணு கெடக்குல்லா?" என்றாள்.

முடிவில் முருகன் படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கிவிட்டாள். மிச்சமிருப்பது ராஜாளி ஒன்றுதான். அதுவும் தொலைந்தால் இந்த ஜென்மத்துக்கு விமானம் கிடையாது. மாடி அறையையும் காலி செய்து கொடுத்துவிட வேண்டும். அவளுக்கு வத்தல் வடகம் வைக்க இடமில்லையாம்.

ராஜாளி கடையில் வாங்கினது இல்லை. நானே அறுத்து, ஒட்டி, மணல்தாள் போட்டுத் தேய்த்துச் செய்தது. இறக்கையில் 'நயினார் டிரைவிங் ஸ்கூல், கோட்டையடித் தெரு, வள்ளியூர்' என்று சிவப்பு பெயின்ட்டில் எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டு முன்னறைதான் ஸ்கூல். பறந்த மாதிரியும் ஆச்சு, விளம்பரம் ஆன மாதிரியும் ஆச்சு.

உலகம்மைக்கு ஒன்று புரியவில்லை. வாரம் பூராவும் நான் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, கால் பக்கத்தில் இருக்கிற இன்னொரு பிரேக்கை மிதித்துக்கொண்டே, என்னைக் கொல்லப் பார்க்கிறவர்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் ஓட்டுகிறவன் நான். அதுவும் இல்லையென்றால் எனக்குக் கோட்டி பிடித்துவிடும். அவளிடம் இதைச் சொன்னால் "ஏற்கெனவே பிடிச்சாச்சு" என்பாள், அதனால் சொல்லவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

ஞானதுரை ஒரு டிராக்கர் கொண்டுவந்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. உள்ளே ஒரு சிம் போட வேண்டும். அந்த நம்பருக்கு மெசேஜ் அனுப்பினால், தான் கிடக்கிற இடத்தை மேப்பில் அனுப்பும். போன் போட்டால் தானாகவே எடுத்துக்கொண்டு, சிவப்பு லைட் ஒன்றை எரியவிட்டு, பக்கத்தில் நடக்கிற சத்தத்தையெல்லாம் நமக்குக் கேட்கவைக்கும்.

"வானம் தெரியுத எடத்துல கெடந்தாத்தான்வே சரியாச் சொல்லும்" என்றான். "கூரைக்குள்ள போயிட்டுன்னா, கடைசியாச் சொன்ன எடத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டுக் கெடக்கும்."

"நம்ம சொந்தக்காரங்க மாதிரி" என்றேன்.

சிம்முக்கு எங்கும் அலையவில்லை. மேசை டிராயரில் யாருக்கும் வேண்டாத ஒரு பழைய பட்டன் போன் கிடந்தது. அதிலிருந்து உருவிப் போட்டுவிட்டேன். நம்பர் உயிரோடுதான் இருக்கிறது.

உலகம்மையிடம் விளக்கினேன். இனிமேல் நான் ஓட வேண்டியதே இல்லை. விமானம் எங்கே விழுந்தாலும் உட்கார்ந்த இடத்தில் தெரிந்துவிடும், சாவகாசமாக வண்டியில் போய் எடுத்து வரலாம்.

"ஓட மாட்டீயல்லா?"

"ஓடவே மாட்டேன்."

"அப்ப சரி" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொல்லி நான் பார்த்ததில்லை.

ஜூலை 6, ஞாயிறு

ராஜாளி போய்விட்டது.

காற்றுதான். இதை யார் கேட்டாலும் சொல்லுவேன். குளத்துக் கரை தாண்டி, பனைமரங்களைத் தாண்டி, சின்னதாகிச் சின்னதாகி மறைந்துவிட்டது.

நான் ஓடவில்லை. வேகமாக நடந்தேன். ஞானதுரை அதை ஓட்டம் என்கிறான். அவன் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்ததற்கு அவனுடைய தொப்பைதான் காரணம். காலில் பிரித்த தையல் மறுபடியும் லேசாக வாய் திறந்திருக்கிறது.

டிராக்கருக்கு மெசேஜ் போட்டதும் பதில் வந்தது. கரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற வாழைத்தோப்பு! சந்தோஷத்தில் ஞானதுரையைக் கட்டிப்பிடித்துவிட்டேன். போய்ப் பார்ப்பதற்குள் இருட்டிவிட்டது. தோப்புக் கதவில் பூட்டு.

உலகம்மை என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "வார சனிக்கிழமை வரைக்கும் டயம் தாரேன். அதுக்குள்ள வீடு வந்து சேரலைன்னா மாடியக் காலி பண்ணிருங்க" என்றாள். லைசென்ஸ் கொடுக்கிற எத்தனையோ இன்ஸ்பெக்டர்களைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு கறாராக ஒருத்தரையும் பார்த்ததில்லை.

ஜூலை 7, திங்கள்

காலை வகுப்புகளை ரத்து செய்துவிட்டுத் தோப்புக்குப் போனோம். வாழைகளைத் தவிர ஒன்றும் இல்லை. தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த தோப்புக்காரர், "விடியக்காலம் பூப்பறிக்க வந்த பொம்பள ஒருத்தி எடுத்தாய்யா. றெக்கையில என்னமோ எழுதியிருந்ததப் படிச்சுக்கிட்டே ஸ்கூட்டர்ல வச்சுக் கொண்டுக்கிட்டுப் போயிட்டா" என்றார்.

ஸ்கூல் பெயர், தெருப் பெயர் எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதைப் படித்தும் கொண்டுவந்து கொடுக்கவில்லை என்றால் இந்த ஜனங்களை என்ன சொல்வது? நேர்மை என்பது நாட்டில் சுத்தமாகப் போய்விட்டது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். உலகம்மை சிரித்த முகமாக இருந்தாள். கேட்காமலே உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். என் விமானம் தொலைந்ததில் சிலருக்குக் கொண்டாட்டம்.

"யாரும் வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"பால்காரன் வந்தான்" என்றாள்.

ஜூலை 8, செவ்வாய்

இன்றைக்குப் பெரிய கண்டம் ஒன்றிலிருந்து தப்பினேன்.

ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு பேங்க்கார அம்மாளுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். உலகம்மை போன் போட்டு, "சிலிண்டர் வந்திருக்கு, நம்பர் கேக்கான்" என்றாள். எனக்கு வியர்த்துவிட்டது. கேஸ் புக் பண்ணுகிற நம்பர் அந்தப் பழைய பட்டன் போன் நம்பர்தான்! சிலிண்டர்காரன் கேட்கிற ரகசிய எண் இப்போது எவள் வீட்டிலோ கிடக்கிற என் விமானத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கும். குடும்பத்துச் சிம்மை எடுத்து விமானத்துக்குள் போட்டேன் என்று தெரிந்தால் மாடி அறை மட்டுமா போகும்?

அந்த அம்மாளை நடு ரோட்டிலேயே இறக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டு, பறந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் சிலிண்டர் மாட்டியாகிவிட்டது. அடுப்பில் ரசம் கொதிக்கிறது.

"நம்பர்?"

"சொன்னேன். குடுத்துட்டுப் போயிட்டான்."

"எப்படிச் சொன்ன?"

"வாயாலதான்" என்றாள்.

மேற்கொண்டு கேட்டால் நான் மாட்டிக்கொள்வேன் என்பதால் விட்டுவிட்டேன். சிலிண்டர்காரன் ஏதோ இரக்கப்பட்டுக் கொடுத்திருக்கிறான். நேற்று நேர்மையைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மத்தியானம் கொஞ்ச நேரம் டிராக்கருக்கு லைன் போகவில்லை. பிறகு சரியாகிவிட்டது. வெயில் சூடாக இருக்கும்.

ஜூலை 9, புதன்

மெசேஜ் போட்டால் வாழைத்தோப்பு, வாழைத்தோப்பு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் கூரைக்குள் இருக்கிறது. காலை வகுப்புக்கு வந்த பையனை எங்கள் தெருவிலேயே தனியாக ஓட்டிப் பழகச் சொல்லிவிட்டு வந்து, ஞானதுரை கடையில் வைத்து அந்த நம்பருக்குப் போன் போட்டோம். ஒரு மணிகூட அடிக்கவில்லை, எடுத்துக்கொண்டது. ஸ்பீக்கரில் போட்டு இரண்டு பேரும் குனிந்து கேட்டோம்.

முதலில் ஒரு பெரிய உறுமல். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

"மிக்சிவே" என்றான் ஞானதுரை.

மிக்சிதான். தேங்காய்ச் சட்னியாக இருக்கும். நடுவில் ஒரு தடவை திணறி, கடகடவென்று இழுத்து, மறுபடியும் ஓடியது. எங்கள் வீட்டு மிக்சியும் இதே மாதிரிதான் திணறும். இந்த மாவட்டத்துக்கே ஒரே மாதிரி மிக்சியைத் தலையில் கட்டியிருக்கிறார்கள் போல. பிறகு குக்கர் விசில். பிறகு ஏதோ ஒரு கார் கியர் மாற்ற முடியாமல் கறமுற என்று கதறுகிற சத்தம். அந்தத் தெருவிலும் எவனோ கிளட்சைக் கொன்றுகொண்டிருக்கிறான். ஓட்டுகிறவனை விடுங்கள், சொல்லிக்கொடுக்கிறவன் யார் என்று தெரிந்தால் நாலு கேள்வி கேட்பேன்.

ஞானதுரை என்னையே ஒரு மாதிரி பார்த்தான். "ஒமக்கு ஒண்ணும் தோணலையாவே?" என்றான்.

"தோணுது. மிக்சிச் சத்தத்தை வச்சே வீட்டக் கண்டுபிடிச்சிரலாம்" என்றேன்.

அவன் டீ குடிக்கப் போய்விட்டான்.

ஜூலை 10, வியாழன்

டிராக்கரோடு வந்த சார்ஜரை மாடியில் காணவில்லை. இந்த வீட்டில் எதுவும் வைத்த இடத்தில் இருக்காது.

ஜூலை 11, வெள்ளி

தோப்பைச் சுற்றி இருக்கிற தெருக்களுக்குப் போனேன். ஒரு காதில் போன், இன்னொரு காது வீடுகளின் பக்கம். போனில் மிக்சி ஓடுகிற நேரத்தில் எந்த வீட்டில் மிக்சி ஓடுகிறதோ அதுதான் வீடு. இதில் தப்பே வராது.

தப்பு எங்கே வந்தது என்றால், காலையில் எல்லா வீட்டிலும் மிக்சி ஓடுகிறது.

ஒரு வீட்டு ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஓர் அம்மா வெளியே வந்து, "யாரு நீரு? என்னத்த ஒட்டுக் கேக்கீரு?" என்றாள். அவசரத்தில் "மிக்சி சர்வீசும்மா, சத்தத்தை வச்சே நோவு சொல்லிருவோம்" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே போய் மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அக்கம்பக்கத்தில் சொல்லியும் விட்டாள். இப்போது ஞானதுரை கடையில் மூன்று மிக்சியும் ஒரு கிரைண்டரும் இருக்கின்றன. அவன் என்னோடு பேசுவதில்லை.

முட்டியில் லேசாக அடி. சாக்கடைப் பலகை உடைந்திருந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தால் பலகை எங்கே தெரிகிறது?

சாயங்காலம் உலகம்மை முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். வழக்கமாகத் திட்டிக்கொண்டே தேய்ப்பாள். இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நாளை சனிக்கிழமை. மாடிக்குப் போய் ராஜாளி தொங்கிய கொக்கியைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். எனக்கு அழுகை வந்தது. ஐம்பத்தாறு வயதில் தெர்மாகோலுக்கு அழுதேன் என்று நாட்குறிப்பில் எழுதுவதில் என்ன வெட்கம்? யார் படிக்கப் போகிறார்கள்?

ஜூலை 12, சனி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

கடைசி முயற்சியாக ஞானதுரை கடைக்குப் போனேன். ஒரு மிக்சிக்குள் தலையை விட்டிருந்தான், நிமிரவில்லை. நானே நம்பரைப் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினேன்.

மிக்சி இல்லை. ஒரு பெண் குரல். யாருடனோ போனில் பேசுகிற குரல்.

"...என்னத்தச் சொல்ல அக்கா. கெணத்து ஓரத்துல ஒரு காலு உள்ள, ஒரு காலு வெளியன்னு நிண்ணாகளாம். ஞானதுரை அண்ணன் சொன்னப்ப எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு. அவுக அத ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லல."

எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று நினைத்தேன். ஆம், அந்த அளவுக்கு நான் மடையன். உலகம்மையின் அக்கா தென்காசியில் இருக்கிறாள் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"பூக்காரி வீடு தேடிக் கொண்டாந்து குடுத்தா. நாந்தான் றெக்கையக் கழத்திப் பரண்மேல ஒளிச்சு வச்சேன். ஒரு வாரம் கண்ணுல படாம இருந்தா பழக்கம் விட்டுரும்னு பாத்தேன். எங்க விட்டுச்சு? விமானத்தத் தேடி ஓடுன மனுசன் இப்ப மிக்சியத் தேடித் தெருத்தெருவா அலையுதாக."

ஞானதுரை மிக்சியிலிருந்து தலையை எடுத்தான். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். அவனுக்கு முன்பே தெரியும் என்று அவன் முதுகிலேயே தெரிந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சொந்த வீட்டுப் பரண்! தலைக்கு மேலே வைத்துக்கொண்டு உளுந்தங்களியா கிண்டிப் போட்டாள்? போனை வைத்துவிட்டு நேரே போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எழுந்தேன்.

அப்போது, "ஏ அக்கா, பொறு. அந்தச் செவப்பு லைட்டு எரியுது. நான் அப்புறமாப் பேசுதேன்" என்றாள். சர்ரென்று ஏதோ இழுக்கிற சத்தம், ஸ்டூலாக இருக்கும். பிறகு குரல் என் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

"அத்தான், கேக்கீயளா?"

எழுந்தவன் மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"கேப்பீயன்னு தெரியும். அண்ணைக்குச் சிலிண்டர்காரன் வந்தப்ப பழைய போன எடுத்துப் பாத்தேன், உள்ள சிம்மு இல்ல. கூப்பிட்டுப் பாத்தா பரண்மேல லைட்டு எரியுது. அதுலருந்து சிம்மக் கழத்தி, பழைய போன்ல போட்டு நம்பரு பாத்துச் சொல்லிட்டு மறுபடியும் அதுலயே போட்டு வச்சேன். சார்ஜும் நாந்தான் போட்டேன். நீங்க கூப்பிட்டு ஒண்ணும் கேக்காமப் போச்சுன்னா இன்னும் எங்கெங்க போயித் தேடுவீயளோன்னு பயம்."

மூக்கை உறிஞ்சினாள்.

"இது ஒடஞ்சா ஒட்டிக்கிடுதீய. தொலஞ்சா இன்னொண்ணு செஞ்சுக்கிடுதீய. ஒங்கள எங்க போயி ஒட்டிச் சேக்க? கால்ல தையலு, முட்டியில காயம், சட்டையில காலரு இல்ல. சொல்லுங்க. ...சொல்ல முடியாதோ இதுல? சவம், நம்ம பேசுதது மட்டுந்தான் கேக்குமோ? நல்லதாப் போச்சு. கல்யாணம் ஆன நாள்லருந்து இப்பத்தான் குறுக்க பேசாமக் கேக்கீய. வீட்டுக்கு வாங்க. ஓடி வராதீய, நடந்து வாங்க."

நடந்தே போனேன். வழி பூராவும் பேச வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு போனேன். வாசலில் ராஜாளி இருந்தது. இறக்கை மாட்டி, தூசி துடைத்து, கல்யாணப் பெண் மாதிரி அழகாக உட்கார்ந்திருந்தது. வரிசைப்படுத்தியது எல்லாம் போய்விட்டது.

டிராக்கர் மட்டும் அதில் இல்லை. உலகம்மை கையில் இருந்தது.

"விமானத்த நீங்க வச்சுக்கிடுங்க. சத்தியத்த முருகங்கிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றாள். டிராக்கரை என் சட்டைப் பைக்குள் போட்டு, பையின் வாயில் ஒரு ஊக்கையும் குத்தினாள். "இது இங்கதான் இருக்கணும். அது எங்க போனாலும் எனக்கு வேண்டாம். நீங்க எங்க நிக்கீயன்னு எனக்குத் தெரியணும்."

"அப்போ ராஜாளி தொலஞ்சா?"

"தொலையட்டும்" என்றாள்.

இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனால் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. "இன்னைக்கு வேண்டாம்வே" என்று ஞானதுரை சொன்னான். பதினைந்து நாளாகப் பறக்காதவனிடம் சொல்கிற பேச்சா இது?

ராஜாளி இன்றைக்குப் பறந்த மாதிரி என்றைக்கும் பறந்ததில்லை. குளத்துக்கு மேலே இரண்டு வட்டம் அடித்தது. வெயிலில் சிவப்பு எழுத்துகளைக் கீழே இருந்தே படிக்க முடிந்தது. இறக்கலாம் என்று நினைத்த நேரத்தில் மேற்கே மலை இடுக்கிலிருந்து காற்று கிளம்பி வந்தது. ரிமோட்டை என்ன முறுக்கினாலும் அது கேட்கவில்லை. கரை தாண்டி, பனைமரம் தாண்டி, காற்றாலைகள் நிற்கிற திசையில் போக ஆரம்பித்தது.

"வாரும்வே! தோப்பத் தாண்டுததுக்குள்ள பிடிச்சிரலாம்!" என்று ஞானதுரை ஓடினான்.

நானும் நாலு எட்டு வைத்துவிட்டேன். அப்போது சட்டைப் பைக்குள் துணி வழியாகச் சிவப்பாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. உலகம்மை கூப்பிட்டிருக்கிறாள். அவள் பேசுவது எனக்குக் கேட்காது. என் மூச்சும் என் செருப்புச் சத்தமும் அவளுக்குக் கேட்கும்.

நான் நின்றுவிட்டேன்.

கால் இரண்டும் ஓடு ஓடு என்கிறது. கண் ராஜாளி மேலேயே இருக்கிறது. அது காற்றாலைக்கு மேலே ஏறி, பிறகு ஒரு நெல்மணி அளவுக்கு ஆகி, பிறகு தெரியவில்லை. அதில் டிராக்கரும் இல்லை, ஒன்றும் இல்லை. இனி அது கிடைக்காது என்று எனக்குத் தெரியும். சட்டைப் பையைப் பார்த்துக் குனிந்து, "நிக்கேன் உலகு. ஓடல. நிக்கேன்" என்றேன். ஞானதுரை திரும்பிப் பார்த்துவிட்டு, அவனும் ஓடுவதை நிறுத்திவிட்டான்.

லைட் அணையவே இல்லை. குளத்திலிருந்து வீடு வரை எரிந்துகொண்டே வந்தது.

கேட்டைத் திறந்துகொண்டு உலகம்மை வெளியே நின்றாள். கையில் போன். என் கைகள் இரண்டும் காலியாக இருந்ததைப் பார்த்தாள். என் கால், முட்டி, காலர் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தாள்.

"சாப்பிட வாங்க" என்றாள். படி ஏறும்போது, "அடுத்ததுக்கு றெக்கைய இன்னும் கொஞ்சம் நீளமா வைங்க. இந்தக் காத்துக்கு அது பத்தல" என்றாள்.

சாப்பிட்டதும் மாடியில் புதுத் தெர்மாகோல் பலகையை விரித்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். மறு முனையை உலகம்மை பிடித்துக்கொண்டாள்.